பங்கேற்பாளர் பதினொன்று

சமூக அறிவியல் ஆய்வில் ஈடுபடுவோர் மனிதர்களுக்கு எண் இடுவது வழக்கம். பெயரை மறைப்பதற்காகவே அவ்வாறு செய்கிறோம். என் ஆய்வில் பதினாறு பேர் இருந்தனர். பதினாறு பேரும் கொரிய மேலாளர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்பவர்கள். அவர்களுள் பங்கேற்பாளர் பதினொன்று என்று நான் குறித்து வைத்திருந்தவர் என் அண்ணி.

நான் பணிபுரியும் கொரிய, ஆசியவியல் ஆய்வு மையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் மூன்று அறைகளைக் கொண்டது. முதல் அறையில் இயக்குநர் அமர்ந்திருப்பார். இரண்டாவது அறை நூலகம். மூன்றாவது அறையை எனக்கும் நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் பொதுவாக ஒதுக்கியிருந்தனர். அது ஓடத் தொடங்கினால் அறை அடுப்படி போல் கொதிக்கும். நான் தாள்களைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குக் குடிபெயர்வேன். ஆயினும் அந்த அறையின் கதவில் என் பதவி எழுதப்பட்ட பலகை தொங்கியது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் பிறருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்துவிட்டு, மாலைக் கல்லூரியில் பட்டம் பெற்று, நாற்பத்தொன்றாம் வயதில் கொரிய மொழியின் முதற்பாடத்தைத் திறந்தவள் நான். ஆகையால் அப்பலகையை வாரம் ஒருமுறை நானே ஈரத்துணியால் துடைத்தேன். இதைக் கூற எனக்கு வெட்கம் இல்லை.

என் பணி ஒப்பந்தப் பணி. ஆண்டுதோறும் நீட்டித்து வந்தனர். அந்த ஆண்டு ஒரே ஓர் இடத்தை நிரந்தரமாக்குவதாக முடிவாகியிருந்தது. கொரியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த வருகைதரு பேராசிரியர் தேர்வுக் குழுவில் இருந்தார். மையம் நடத்தவிருந்த கருத்தரங்கில் நான் கட்டுரை வாசிக்கும்போது அவர் அதைக் கேட்டு மதிப்பிடுவார் என்று இயக்குநர் எனக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தார்.

அண்ணி கொரிய மொழியைக் கற்ற முறை வேறு. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தபடி, அங்கு வந்துபோன கொரியத் தொழில்நுட்பர்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஒரு நாள் மொழிபெயர்ப்பாளர் பாதியில் வேலையை விட்டுப் போனபோது, யாரோ ஒருவர் அண்ணியைக் கைகாட்டினார். எழுந்து போனவர் அதன்பின் இயந்திரத்துக்குத் திரும்பவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கு அவரே மொழிபெயர்ப்பாளர். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் மேலாளரும் ஒருவரே.

என் கொரிய மொழியைக் கேட்டால் அண்ணிக்குச் சிரிப்பு வரும். நான் பேசுவது வானொலியில் செய்தி வாசிப்பது போல் இருக்கிறது என்பார். தொழிற்சாலையில் நான் இப்படிப் பேசினால், தீப்பிடித்துவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் கூரை விழுந்துவிடும் என்பார். என் அண்ணனுக்கு இந்த வாதங்களில் பங்கில்லை. வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமான கொரிய மொழியில் தன்னைத் திட்டுவதாகவும், இரண்டுக்கும் தான் ஒரே மாதிரி தலையாட்டி வருவதாகவும் அவர் உறவினர்களிடம் சொல்லி வந்தார்.

அண்ணியை நான் பேட்டி எடுத்தது ஒரு ஞாயிறு பிற்பகலில். உறவினரைப் பேட்டி எடுப்பதற்குரிய அனுமதியை முறைப்படி பெற்றிருந்தேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்து, ஒப்புதல் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். படிக்காமலே கையெழுத்திட்டார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று வற்புறுத்தினேன். நான் என்ன வீட்டையா எழுதிக்கொடுக்கிறேன் என்று கேட்டார். பாடநூலில் கூறியுள்ளபடியே முதல் கேள்வியைக் கேட்டேன்: தங்கள் பணி அனுபவத்தைச் சற்று விளக்க இயலுமா?

அண்ணி கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடி, கூண்டுல ஏத்தி நிக்க வச்ச மாதிரி கேக்குற?"

நாற்பது நிமிடங்கள் வரை சம்பிரதாயமான விடைகளே வந்தன. நாற்பத்தோராம் நிமிடத்தில், வாடிக்கையான கேள்வி ஒன்றைக் கேட்டேன். மேலாளர் கடுமையாகப் பேசும்போது அதை எவ்வாறு மொழிபெயர்ப்பீர்கள் என்பதே அக்கேள்வி. மற்ற பதினைந்து பேரும் அதற்கு, அவர் சொல்வதை அப்படியே சொல்வோம் என்று விடையளித்திருந்தனர். அண்ணி சற்று நேரம் மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட, ஒரு திட்டைக்கூட, தான் அப்படியே சொன்னதில்லை என்றார்.

மேலாளர், இந்தத் தையலை என் செத்துப்போன தாத்தா கண்ணை மூடிக்கொண்டு தைத்திருப்பார் என்று கத்துவார். இந்த ஓரம் கொஞ்சம் வளைகிறது, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று சார் கேட்கிறார் என்பார் அண்ணி. தைத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமானால் அந்த ஆளையே வந்து தைக்கச் சொல் என்பார். ஒரு முறை நீங்கள் செய்துகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும் என்று கேட்கிறார் என அது மேலாளரின் காதில் போய் விழும். ஒரு நாள் மேலாளர் அதை நம்பி, மேற்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தைத்தேவிட்டார். தையல் பாம்பு போல் நெளிந்தது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை முழுவதும் சிரித்தது, கடைசியில் அவரும் சிரித்தார். அந்த மாதம் திரும்பி வந்த உறைகள் பாதியாகக் குறைந்தன.

ஏன் இவ்வாறு செய்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அண்ணி சொன்ன விடையை எழுத்துப்படியில் இருந்தபடியே தருகிறேன்.

"நான் மெஷின்ல உக்காந்திருந்தப்ப இருந்த டிரான்ஸ்லேட்டர் ஒரு சொல் விடமாட்டாரு. அந்தாளு திட்டுனா இவரும் அதே மாதிரி நின்னு, அதே மாதிரி விரல நீட்டித் திட்டுவாரு. வீட்டுக்கு வந்தா சோறு எறங்காது. அந்த எடத்துக்கு நான் வந்தப்ப, சோறு எறங்காத பேச்ச மட்டும் என்னோட நிறுத்திக்கிட்டேன். அவ்வளவுதான். நீ இத எழுதுவியா?"

எழுதினேன். நான் எழுதியவற்றுள் சிறந்தது அதுவே. மொழிபெயர்ப்பாளர் பேச்சைச் சுமந்து செல்லும் குழாய் அல்லர், அவர் ஒரு தொழிற்சாலையின் நாகரிகத்தைத் தனி ஆளாகக் கட்டிக் காப்பவர் என்பதும், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து திட்டு வாங்கியவரே அவ்வாறு செய்யத் துணிவார் என்பதும் என் வாதம். ஒன்பதாம் பக்கம் முதல் பதினான்காம் பக்கம் வரை, ஆறு பக்கங்கள், முழுவதும் பங்கேற்பாளர் பதினொன்றைப் பற்றியவை. இயக்குநர் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். அவருக்குக் கொரிய மொழி தெரியாது. அவர் துறை பொருளாதாரம். எனவே கட்டுரை முழுவதையும் நானே கொரிய மொழியிலும் எழுதினேன். அதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன. இரு மொழிப் படிகளையும் அறுபது அறுபது எடுத்து, கருத்தரங்குக்கு வருவோருக்கான பைகளில் வைப்பதற்காக அடுக்கினோம்.

அடையாளத்தை மறைப்பதற்கான விதிகள் அனைத்தையும் நான் பின்பற்றியிருந்தேன். வயதை மாற்றினேன். பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றினேன். தொழிற்சாலை எந்தத் திசையில் உள்ளது என்பதையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை: அவர் தையல் வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் என்பதை. அதை மாற்றினால் வாதமே நிற்காது. அப்படி எழுந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அந்தப் பகுதியில் ஒரே ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், படிப்பவர் அவரைக் கண்டுகொள்வார் என்று தோன்றவில்லை. பெயரையும் வயதையும் எடுத்துவிட்டால் ஒரு மனிதர் மறைந்துவிடுவார் என்று எங்கள் நூல்கள் கூறுகின்றன. நானும் நம்பினேன்.

வியாழக்கிழமை மாலை அண்ணி மறுநாளைக்குரிய சீருடைகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் அமர்ந்து என் உரையை நேரம் பார்த்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போது அவர், சனிக்கிழமை தனக்கும் அங்கேதான் வேலை என்று சாதாரணமாகச் சொன்னார். அவருடைய தொழிற்சாலைக்கு மையத்திலிருந்து அழைப்பு போயிருக்கிறது. மேலாளர், மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிய கூட்டம் என்றால் நாம் போகாமல் எப்படி என்று கேட்டு, அண்ணியை உடன் வரச் சொல்லியிருக்கிறார். நான் தமிழில் வாசிக்க வாசிக்க அவர் காதில் கொரிய மொழியில் சொல்ல வேண்டியது அண்ணியின் பணி.

என் கையிலிருந்த தாள்கள் அப்படியே நின்றன. நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பதை முதன்முறையாக அண்ணிக்கு முழுவதுமாகச் சொன்னேன். தையல் வரிசை, செத்துப்போன தாத்தா, மேற்சட்டையைக் கழற்றித் தைத்த நாள் ஆகிய எல்லாம் அதில் இருந்தன.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தானே காதில் சொல்லப்போவதால் கவலை இல்லை என்றும், நான் ஒன்று வாசித்தால் தான் வேறொன்று சொல்லிக்கொள்வதாகவும் கூறினார். அதில் அவருக்குப் பழக்கம் இல்லாமலா? ஆனால் கொரியப் படி ஒன்று மேலாளருக்குக் கொடுக்கும் பையிலேயே இருக்கும் என்பதை நான் நினைவூட்டினேன்.

"அவருக்குப் புரியற மாதிரியா எழுதியிருக்க?"

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், அண்ணி."

"அப்பப் புரிஞ்சிரும்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுகிறேன் என்றேன். பங்கேற்பாளர் ஒரு சொல் சொன்னால் போதும், விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, படிவத்தில் நான்காம் பத்தியிலேயே அது இருக்கிறது என்றேன். அண்ணி அந்த ஒரு சொல்லைச் சொல்ல மறுத்தார். எனக்கு அந்த இடம் நிரந்தரமாக வேண்டும் என்றும், நாற்பது வயதுக்கு மேல் இந்த வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தது யார் என்பது தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். வேலை போய்விடும் என்று பயமா என்று கேட்டேன்.

"வேல போனாப் போகுது. தையல் தெரியும் எனக்கு. பன்னெண்டு வருஷமா நான் சொன்னது ஒவ்வொண்ணையும் அந்த மனுஷன் உக்காந்து திரும்ப யோசிப்பாரே. எது அவங்க சொன்னது, எது இவ சொன்னதுன்னு. வணக்கம் சொன்னதுலேர்ந்து சந்தேகப்படுவாரு. அதத்தான் என்னால நினைச்சுப் பாக்க முடியல."

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்து, கழுத்துப் பட்டையில் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் மையத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே சென்றேன். நூற்றிருபது படிகளிலும் ஸ்டேப்ளர் கம்பிகளைப் பிடுங்கி, ஒன்பது முதல் பதினான்கு வரையுள்ள தாள்களை உருவி, மீண்டும் கம்பி அடித்தேன். மூன்றாவது மணி நேரத்தில் பெருவிரல் நகம் கிழிந்தது. பக்க எண்கள் எட்டிலிருந்து பதினைந்துக்குத் தாவின. மீதிப் பக்கங்களைப் புதிய எண்களோடு அச்சிட வேண்டியிருந்ததால் நகலெடுக்கும் இயந்திரத்தை நண்பகல் வரை ஓட்டினேன். கொரியப் படியில் இருந்த அந்த ஆறு பக்கங்களையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அவற்றில் ஒரு பிழையும் இல்லை. அதன்பின் அவற்றை என் பையில் வைத்தேன்.

இயக்குநரிடம், பங்கேற்பாளர் பதினொன்று விலகிக்கொண்டார் என்றேன். அது உண்மை அன்று. இயக்குநர் மெலிந்த கட்டுரையைக் கையில் எடைபோடுவது போல் பிடித்துப் பார்த்தார்.

"உயிர எடுத்துட்டு சட்டைய மட்டும் கொண்டு வந்திருக்கீங்க, மேடம்."

விதி விதிதான் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். எனினும் ஓர் அறிவுரை கூறினார். கொரிய மொழியில் ஒரு கேள்வி வந்தாலும் அதற்குக் கொரிய மொழியிலேயே விடையளித்து, பிறகு தமிழிலும் நானே சொல்ல வேண்டும். பேராசிரியர் அதையாவது பார்க்கட்டும் என்றார்.

சனிக்கிழமை, மையத்தின் பக்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த அரங்கில் எழுபது பேர் இருந்தனர். மேலாளர் இரண்டாம் வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். நரைத்த தலை, குட்டையான உருவம், சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். அருகில் அண்ணி. என்னைத் தெரிந்தவர் போலவே காட்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பின்வரிசையில் என் பங்கேற்பாளர்கள் நால்வர் ஒன்றாக உட்கார்ந்திருந்தனர்; அவர்களும் பிற தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளர்கள். முன்வரிசையில் வருகைதரு பேராசிரியர், என் கட்டுரையின் கொரியப் படியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நிமிடங்களில் வாசித்து முடித்தேன். மொழிபெயர்ப்பாளர்களின் சராசரி வயது, கல்வி, வேலை நேரம், பதவி உயர்வு ஆகியவற்றை அட்டவணைகளுடன் கூறினேன். குழாய் என்ற உவமையை மறுத்து எழுதிய பக்கங்கள் போய்விட்டதால், அதை அறிமுகப்படுத்திய பக்கம் மட்டும் தனியே நின்றது. மொழிபெயர்ப்பாளர் ஒரு குழாய் போன்றவர் என்று பலர் கருதுகின்றனர் என்று நான் வாசித்தபோது, அதை நானே நம்புவது போல் அரங்கில் ஒலித்தது. அண்ணியின் உதடுகள் மேலாளரின் காதருகில் அசைந்துகொண்டே இருந்தன.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் மேலாளர். அண்ணியும் உடன் எழுந்தார். கருத்தரங்குகளில் எனக்கு வைக்கப்படும் கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்வது என் பழக்கம். பேனாவை எடுத்துக் குனிந்தேன். அவர் நிறுத்தி நிறுத்தி, ஆலையில் பேசும் உரத்த குரலில் பேசினார். இந்தக் கட்டுரையை எழுதியவர் ஒரு நாளாவது உற்பத்தி வரிசையில் நின்றிருக்கிறாரா என்று கேட்டார். குழாயில் தண்ணீர் போவது போல் பேச்சு போகிறது என்று எழுதுவதற்கு ஓர் ஆராய்ச்சி தேவையா, பதினைந்து நிமிடம் வீண் என்றார். அதன் பிறகும் பேசினார். என் கை எழுதிக்கொண்டே போனது. என் செவியிலோ முதல் இரண்டு வாக்கியங்களே நின்று சுட்டன. அவர் கடைசியில் அண்ணியின் பக்கம் கையைக் காட்டியதை மட்டும் பார்த்தேன்.

அண்ணி அரங்கை நோக்கித் திரும்பினார்.

"ஆய்வு ரொம்பப் பயனுள்ளதா இருக்குன்னு சார் சொல்றாங்க. நேரம் கெடைக்கும்போது நம்ம தொழிற்சாலைக்கு ஒருமுறை வந்து பாத்தா, இன்னும் சிறப்பா எழுதலாம்னு அழைக்கிறாங்க."

அரங்கம் கைதட்டியது. இயக்குநர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். மூன்றாம் வரிசையில் என் பங்கேற்பாளர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் குனிந்து தத்தம் காலணிகளை ஆராய்ந்தனர். இத்தனை பெரிய கண்டனத்துக்கு இவர்கள் ஏன் கைதட்டுகிறார்கள் என்று விளங்காமல் பேராசிரியர் மட்டும் நாற்புறமும் திரும்பிப் பார்த்தார்.

திட்டு வாங்கிய ஒருவர் அதை அழைப்பாகப் பெற்றுக்கொள்வது எத்தகையது என்பதை நான் ஆறு பக்கங்கள் எழுதியிருந்தேன். பெற்றுக்கொண்டது அன்றுதான். என் தோள்கள் தாமாகவே இறங்கின. எனக்கு இரண்டும் கேட்டிருந்தது, இருந்தும் இறங்கின.

அப்போது பேராசிரியர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். மெல்லிய குரலில், கொரிய மொழியில், நேராக என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது இக்கட்டுரையில் இல்லை என்று இந்த மேலாளர் கூறுகிறார். நீங்கள் பதினாறு பேரிடம் பேசியிருக்கிறீர்கள். ஒருவர்கூட அதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையா?

இதற்குப் பாடநூலில் ஒரு விடை உண்டு. சொன்னவர் உண்டு, அதை வெளியிட எனக்கு அனுமதி இல்லை என்பது அந்த விடை. நேர்மையானது, மதிப்பெண் பெறக்கூடியது. ஆனால் அதை நான் சொன்ன மறுகணம் மேலாளர் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தானே. அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வேண்டுகோள் எதுவும் இல்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபோது இருந்த அதே முகம்.

நான் எழுந்து நின்றேன். ஐந்தாண்டுகள் கற்ற மொழியில், ஒரு சபையின் முன் நான் கூறிய முதல் வாக்கியம் இது: இல்லை, அது குறித்து என்னிடம் தரவு எதுவும் இல்லை. தெளிவாகவும் நிதானமாகவும் சொன்னேன். பிறகு இயக்குநர் கேட்டுக்கொண்டபடி, அதையே தமிழிலும் சொன்னேன். ஓர் ஆய்வாளர் இருக்கும் தரவை இல்லை என்று கூறுவதைவிடப் பெரிய குற்றம் எங்கள் தொழிலில் இல்லை. பேராசிரியர் நன்றி கூறி, தம் குறிப்பேட்டில் எதையோ சுருக்கமாக எழுதினார். மேலாளர் தலையை இருமுறை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து மேலாளரின் கார் போன பிறகு, அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையின் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். இருவரும் பேருந்தில் ஏறினோம். பிற்பகல் மூன்று மணி. பாதி இருக்கைகள் காலி. அண்ணி சன்னலோரத்தில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினார். நாள் முழுதும் ஒருவர் காதருகில் குனிந்திருந்ததால் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். பிறகு, அந்த இடம் போய்விட்டதா என்று கேட்டார். தெரியவில்லை, மீண்டும் ஒரு வருடத்துக்கு நீட்டிப்பார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. என் பையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு நிறுத்தங்கள் போயின.

"ஏய், மேனேஜர் என்ன சொன்னாரு?"

"நீங்கதானே அண்ணி கூட நின்னு சொன்னீங்க?"

"நான் எங்க கேட்டேன்? அவர் வாயத் தொறந்ததுமே, இவள எப்படிக் காப்பாத்துறதுன்னு சொல்லத் தேட ஆரம்பிச்சிட்டேன். வேல செய்யறப்ப எனக்குன்னு எதுவும் காதுல விழாது. கடைசியில என்னக் கைகாட்டுனாருல்ல. அது என்னது? திட்டுனாரா?"

எனக்கும் அது நினைவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஆனால் குறிப்பேட்டில் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். குலுங்கும் பேருந்தில் என் அவசரக் கொரிய எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். அண்ணி, படித்தது போதும், தமிழில் சொல் என்றார். முதலில் இருக்கும் திட்டையும் சேர்த்தா என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். ஒவ்வொரு வாக்கியமாக, அது சென்று சேரும் வரை காத்திருந்து, சொன்னேன்.

"இத எழுதுனவங்க ஒரு நாளாவது லைன்ல நின்னிருக்காங்களா? குழாயில தண்ணி போற மாதிரி பேச்சு போகுதுன்னு எழுத ஒரு ஆராய்ச்சி எதுக்கு? பதினஞ்சு நிமிஷம் வீண். நான் இங்க வந்த மொத வருஷம் எல்லார்கிட்டயும் கத்துனேன். வீட்ட விட்டு வந்திருந்தேன், தூக்கம் இல்ல. வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். அப்படிப் பேசுனவனுக்கு மறுநாள் காலையில ஒருத்தரும் வணக்கம் வைக்க மாட்டாங்க. எனக்கு வச்சாங்க."

அண்ணி சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வரியைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அதன் பொருள் எனக்கே முழுதாக விளங்கியது.

"பன்னெண்டு வருஷமா வைக்கிறாங்க. அது எப்படின்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன். இதோ, இவங்க என் பக்கத்துல நிக்கிறாங்க. இத எழுதாம நீங்க என்னத்த எழுதுனீங்க?"

நடத்துநர் எங்களைக் கடந்து முன்னே போனார். அண்ணி என் பையின் வாரை ஒரு விரலில் சுற்றி, அவிழ்த்து, மீண்டும் சுற்றினார். பிறகு, ஒரு கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இன்னொருவரைச் சோதிக்கும் கண்களோடு என்னைப் பார்த்தார்.

"நீயா ஒண்ணும் சேக்கலையே?"

"சேக்கல அண்ணி. எதையும் எடுக்கவும் இல்ல."

அவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவருக்குக் கொரிய மொழி எழுத்தில் அவ்வளவாகப் பழக்கம் இல்லை. கடைசி வரி எங்கே தொடங்குகிறது என்று கேட்டார். காட்டினேன். எழுத்துக் கூட்டி, உதடுகளை அசைத்து, மிக மெதுவாக, தனக்கு மட்டும் கேட்கும்படி அதைப் படிக்கத் தொடங்கினார்.